நூறு கிலோ பெல்ட்

எழுபது மீட்டர் உயரத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து பதினான்கு வருஷமாக டவர் கிரேன் ஓட்டுகிற மனிதருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்றுதான் அந்தக் கட்டட வேலையில் இருந்த அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அங்கே பெயரே மேலிடம்தான். கம்பிக்கட்டு வேண்டுமா, பலகை வேண்டுமா, "மேலிடத்துல சொல்லு" என்பார்கள். அப்பேர்ப்பட்ட மேலிடம் ஓர் எடை மெஷினைப் பார்த்து உள்ளுக்குள் வெலவெலத்துப் போயிருந்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது.

விஷயம் இதுதான். புதிதாக வந்த சேஃப்டி ஆபீசர் சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். ஏணி ஏறும்போது மாட்டிக்கொள்கிற பெல்ட், ஆளும் உடுப்பும் பூட்ஸும் சேர்த்து நூறு கிலோதான் தாங்கும். ஒன்றாம் தேதி எல்லாரையும் மெஷினில் ஏற்றிப் பார்ப்பார்கள். நூறைத் தாண்டினவர் மேலே போகக் கூடாது. மேலிடம் அன்று சாயங்காலமே ஒரு மருந்துக் கடைக்குப் போய், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மெஷினில் ஏறினார். நூற்றெட்டு காட்டியது. ஒன்றாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

பெரிய பெல்ட் ஏதாவது இருக்கிறதா என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் மறுநாள் காலையில் சித்தாள் முதல் இன்ஜினியர் வரை சிரிப்பார்கள் என்று பயம். கீழே இறக்கிவிட்டால் இந்த வயதில் வேறு என்ன வேலை தெரியும் என்று அதைவிடப் பெரிய பயம். இரண்டும் சேர்ந்து மனுஷனின் புத்தியை மழுங்கடித்துவிட்டன. போனில் எவனோ ஒரு புண்ணியவான் அனுப்பியிருந்த 'பத்தே நாளில் பத்து கிலோ'வைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். காலையில் எலுமிச்சைத் தண்ணீர், மத்தியானம் ஒரு வெள்ளரிக்காய், ராத்திரிக்கு வெறும் வயிறு. வீட்டில் மனைவியிடம் கேன்டீனில் சாப்பிட்டதாகச் சொன்னார். கேன்டீனில் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். இரண்டு பக்கமும் நம்பினார்கள், அதுதான் வந்த கேடு.

ஆறு நாளில் நாலு கிலோ இறங்கியது. அப்புறம் மெஷின் அடம் பிடித்தது. அங்கேதான் கிரேன் ஓட்டுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பை அவர் செய்தார். மேலே கழிப்பறை கிடையாது. இறங்கி ஏறுவதென்றால் முக்கால் மணி நேரம், அதுவரை கீழே நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் இந்தத் தொழிலில் எல்லாருமே தண்ணீரைக் குறைத்துப் பழகியவர்கள். ஒரு நாள் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வேலையை முடித்து இறங்கி வந்தபோது மெஷின் ஒன்றரைக் கிலோ குறைத்துக் காட்டியது. மேலிடத்துக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீரையே நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று கணக்குப் போட்டார். போதாக்குறைக்கு, கால் வீக்கத்துக்கு மாமியாருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த நீர் மாத்திரையில் தினம் இரண்டைத் திருடி விழுங்கினார். மாமியாரின் மாத்திரையைத் திருடித் தின்ற மருமகன் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பதினோராம் நாள் காலையில் ஏணியில் பாதி தூரம் ஏறும்போதே கெண்டைக்கால் கல்லாக இறுகியது. ஒரு கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். நெஞ்சு படபடவென்று அடித்துவிட்டு, நடுவில் ஓர் அடியை விழுங்கிவிட்டு, மறுபடி அடித்தது. இறங்கிப் போய் வேலையிடத்து நர்ஸம்மாவிடம் சொல்லிவிடு என்று மனசு கெஞ்சியது. நாளைக்குத்தான் எடை, இன்று ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொள் என்று அதே மனசு மிரட்டியது. அவர் மிரட்டலுக்குப் பணிந்து மேலே ஏறிவிட்டார்.

பதினோரு மணிக்குக் கான்கிரீட் போடும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. இரண்டு டன் கான்கிரீட் நிறைந்த பக்கெட் கொக்கியில் தொங்க, அதை ஒன்பதாவது மாடித் தளத்தின்மேல் கொண்டுவந்து இறக்க வேண்டும். தளத்தில் நின்று ரேடியோவில் வழி சொல்கிறவன் அவருடைய மைத்துனன், மனைவியின் கடைசித் தம்பி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவரே கையைப் பிடித்துக் கூட்டிவந்து இந்த வேலையில் சேர்த்துவிட்டார்.

"மச்சான், இன்னும் மூணு மீட்டர் எறக்கு. மெதுவா... ஆங், அப்படித்தான்."

வலது கை லீவரை முன்னால் தள்ளியது. பக்கெட் இறங்கியது.

"போதும் மச்சான், நிறுத்து."

நிறுத்துவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. லீவரை விட்டால் போதும், அது தானாக நடுவுக்கு வந்துவிடும், கிரேன் நின்றுவிடும். ஓட்டுகிறவன் மயங்கி விழுந்தாலும் கை தளர்ந்து கிரேன் நிற்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் மேலிடத்தின் கை தளரவில்லை. ஐந்து விரலும் லீவரைச் சுற்றி இறுகி, நரம்பு புடைத்து, கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது. விடு, விடு என்று தன் கையைப் பார்த்துத் தானே கத்தினார். அது யாரோ ஒருவருடைய கை மாதிரி கேட்காமல் இருந்தது.

"நிறுத்து மச்சான்! நிறுத்து!"

இடது கையால் விரல்களைப் பிரிக்கப் போனார். இடது கையும் கொக்கியாக மடங்கிவிட்டது. கண்ணில் ஓரத்திலிருந்து இருட்டு ஏறியது. சிவப்புப் பொத்தான், அவசரத்துக்கான பொத்தான், எங்கே? தினமும் துடைக்கிற பொத்தான் கண்ணுக்கு அகப்படவில்லை. மடங்கிய இடது கையையே ஓங்கி ஓர் அடி அடித்தார். பட்டது ஹாரன்மேல். பாங் என்று கட்டடமே அதிர அலறியது. மறுபடி அடித்தார். இந்த முறை பொத்தான் உள்ளே போனது. கிரேன் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

ரேடியோவில் சத்தமே இல்லை.

"மாப்ளே" என்றார். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "மாப்ளே, பேசுடா."

ஒன்றும் இல்லை. எழுந்து பார்க்கக் காலில் தெம்பில்லை. வீட்டுக் கதவைத் தட்டி, அது திறந்து, மனைவியின் முகத்தைப் பார்த்து, உன் தம்பி என்று ஆரம்பித்து, அதற்குமேல் என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் மனசு அந்த வாசலிலேயே நின்றது. இவ்வளவு பயத்தை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. எட்டுக் கிலோவுக்காக ஓர் உயிரை எடுத்துவிட்டேனே என்று வாய்விட்டுச் சொன்னார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கண்ணீர் மட்டும் வரவில்லை. அதற்குக்கூட உடம்பில் தண்ணீர் இல்லை.

"மச்சான்..." மூச்சிரைக்கிற குரல். "ஹாரன் சத்தத்துல எல்லாரும் ஓடிட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"நீ? நீ எங்க இருக்கே?"

"நான் வழுக்கி விழுந்துட்டேன். படுத்திருக்கேன். பக்கெட்டு மூஞ்சிக்கு நேரா ஒரு சாண் மேல நிக்குது. நகர்ந்து வெளிய வர்றேன், ஆட்டிடாதே."

அவனேதான் ஏணியேறி மேலே வந்தான். விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பிரித்தான். என்ன ஆச்சு என்று கேட்டான். மேலிடம் எலுமிச்சைத் தண்ணீரிலிருந்து மாமியார் மாத்திரைவரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவன் ரேடியோவில் ஆள் கூப்பிட்டான். ஆட்கள் வந்து அவரை ஸ்ட்ரெச்சரில் கட்டிக் கயிறு வழியாக இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். ரத்தத்தில் உப்புச்சத்து தாறுமாறாகக் கிடந்ததாம், இன்னொரு நாள் போயிருந்தால் இருதயமே நின்றிருக்குமாம். மூன்றாம் நாள் மெஷினில் ஏறினால் நூற்றைந்து. சேஃப்டி ஆபீசர் பார்க்க வந்து தலையில் அடித்துக்கொண்டார். "ஸ்டோர்ல நூத்திநாப்பது கிலோ தாங்குற பெல்ட் ரெண்டு சும்மா தொங்குது சார். கேட்டா குடுக்கத்தானே நான் இருக்கேன்?" டாக்டர் கையெழுத்துப் போடும்வரை மேலே கால் வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கீழே சாமான் சரிபார்க்கிற வேலை கொடுத்தார்கள். வாரம் ஒரு தடவை நர்ஸம்மாவிடம் போய் நின்றார்.

"பன்னெண்டு வருஷமா ஏறின எடைய பன்னெண்டு நாள்ல எறக்கப் பாத்தீங்களா? போனது பெரும்பாலும் தண்ணிங்க, கூடவே கொஞ்சம் சதையும்" என்றார் நர்ஸம்மா. "மூணு வேளை சாப்பிடுங்க. தட்டுல பாதி காய், கால்வாசி முட்டையோ பருப்போ. எண்ணெய், சர்க்கரை கம்மி. தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே தண்ணி. தினம் அரைமணி நடை. வாரத்துக்கு அரைக் கிலோ எறங்கினா கை தட்டுவேன். ஒரு கிலோவுக்கு மேல எறங்கினா திட்டுவேன்."

சில வாரம் கை தட்டல் கிடைத்தது. ஒன்றிரண்டு வாரம் கால் கிலோ ஏறியே போனது. அப்போதெல்லாம் பழைய பயம் வந்து தோளைத் தொடும், நாளை ஒரு வேளை பட்டினி கிடந்தால் என்ன என்று கேட்கும். உடனே போய் மனைவியிடம் சொல்லிவிடுவார். அவள் தட்டை எடுத்து வைப்பாள். நாலு மாதத்தில் தொண்ணூற்றேழுக்கு வந்து சேர்ந்தார். டாக்டர் கையெழுத்துப் போட்டார். நூற்றிநாற்பது கிலோ பெல்ட்டையே கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, இரண்டு பாட்டில் தண்ணீரோடு ஏணி ஏறினார். அன்று ஒன்றுக்குப் போக இரண்டு தடவை இறங்கி ஏறினார், நாற்பது பேரும் காத்திருந்தார்கள்.

சாயங்காலம், அன்றைய முதல் கான்கிரீட் பக்கெட்டைத் தளத்தின்மேல் கொண்டுவந்தார். கை நன்றாகத்தான் இருந்தது. கீழே பார்த்தார். ஒன்பது வருஷமாக மேலிருந்து அவர் கண்டதெல்லாம் மைத்துனனின் மஞ்சள் ஹெல்மெட் மட்டும்தான். அவன் இறக்க வேண்டிய இடத்தைக் குனிந்து பார்த்தபடியே ரேடியோவில் பேசுவான். தலைக்கு மேலே இரண்டு டன் வருவதை அண்ணாந்து பார்த்ததே கிடையாது. மேலே இருப்பது மச்சான், அவன் எதற்குப் பார்க்க வேண்டும்?

இன்றைக்கு ஹெல்மெட் தெரியவில்லை. அண்ணாந்த முகம் தெரிந்தது.

"எறக்கு மச்சான்" என்றது ரேடியோ. குரலில் கோபம் இல்லை, மரியாதை குறையவில்லை. "நான் பாத்துட்டேதான் இருக்கேன்."

அவர் ஒவ்வொரு அடியாக இறக்கினார். பக்கெட் தளத்தில் உட்காரும்வரை அந்த முகம் குனியவில்லை.