சுத்துவழியார் கேட்டைத் தாண்டிய நாள்

மேனேஜரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. வாயை மூடத் தெரியாதவர், அவ்வளவுதான். அன்று விடிந்ததும் விடியாததுமாகச் சுங்கச்சாவடியின் மூன்றாம் கவுண்டருக்கு வந்து, உள்ளே காசு வாங்க உட்கார்ந்திருந்த பெண்ணின் கண்ணாடியைத் தட்டினார். பல் முப்பத்திரண்டும் வெளியே இருந்தது.

"உங்கப்பாவுக்கு நம்ம கம்பெனியில ஒரு பங்கு எழுதி வைக்கணும்மா."

"எங்கப்பாவுக்கா? உங்க பேரைக் கேட்டாலே காறித் துப்புவாரே சார்."

"அதுக்குத்தான்!" என்றார் மேனேஜர்.

அவர் விளக்கினார். கம்பெனி தன் காசைப் போட்டு இந்த ரோட்டைப் போட்டது. இருபத்தைந்து வருஷம் வசூல் செய்துவிட்டு, கேட்டைக் கழற்றி, ரோட்டை அரசாங்கத்திடம் சும்மா கொடுத்துவிட வேண்டும். இந்த வருஷத்தோடு கெடு முடிகிறது. இதெல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. தெரியாத கதை ஒன்று இருந்தது. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி வரும் என்று அன்றைக்கே அரசாங்கம் வாக்குக் கொடுத்திருந்தது. கெடு முடியும் வருஷத்தில் ஒரு நாள், விடியலிலிருந்து பொழுது சாயும்வரை, எண்ணிப் பார்ப்பார்கள். வாக்குக் கொடுத்த அளவு வரவில்லையென்றால் கம்பெனிக்கு நஷ்டமாம். அந்த நஷ்டத்தைச் சரிக்கட்ட இன்னும் பதினைந்து வருஷம் வசூல் செய்துகொள்ளலாமாம்.

"எண்ணுற நாள் இன்னைக்குத்தான். எப்படியும் குறையும். மினிபஸ்காரங்க ஒருத்தனும் வரமாட்டான். உங்கப்பா புண்ணியம்! உன் வேலையும் நிரந்தரம்னு வச்சுக்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மேசையில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். நம் பெண்ணுக்கு எவ்வளவு விசுவாசம் என்று மேனேஜர் நெகிழ்ந்துபோய் நகர்ந்தார். வயிற்றெரிச்சலில் வருகிற சிரிப்பென்று அவருக்கு எப்படித் தெரியும்?

ரோடு போட்டபோது அப்பாவின் வீடு ஒரு பக்கமும் பஸ் ஷெட் மறுபக்கமும் போனது. சொந்த ஷெட்டுக்குப் போகக் கேட்டில் காசு கேட்டார்கள். "இனி இந்தக் கேட்டோட மூஞ்சியில முழிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பழைய ரோட்டில் சுற்றிப் போனவர்தான், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார். மற்ற மினிபஸ்காரர்களும் ரோஷப்பட்டுப் பின்னாலேயே போனார்கள். அவருக்குச் சுத்துவழியார் என்று பேர் விழுந்தது. ஊர் அதைப் பட்டம்போலச் சொல்லும். அம்மா மட்டும் வசவுபோலச் சொல்வாள். இடுப்பு வலியோடு அந்தச் சுத்துவழியில் போனது அவள்தானே. ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில், பஸ்ஸின் கடைசி சீட்டில், மகள் பிறந்துவிட்டாள். அந்த மகள் பிறகு கல்லூரியின் முதல் பரீட்சைக்கும் சுத்துவழியிலேயே போய், கேள்வித்தாள் கொடுத்து வெகுநேரம் கழித்து நுழைந்தாள். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். வாங்கிய பட்டத்துக்கு ஊரில் கிடைத்த ஒரே நாற்காலி இந்தக் கவுண்டருக்குள் இருந்தது. அப்பா அன்றிலிருந்து அவளோடு சரியாகப் பேசவில்லை.

இத்தனை வருஷ ரோஷமும் கம்பெனிக்குப் போட்ட உரம். சிரிக்காமல் என்ன செய்வது?

போனை எடுத்தாள். அம்மா அப்பாவின் பஸ்ஸிலேயே கண்டக்டர்.

"அம்மா, நீ திட்டிட்டே இருந்தது சரிதாம்மா. இன்னும் பதினஞ்சு வருஷம் கேட்டு இருக்குமாம். அப்பாவாலதான்."

எண்ணுகிற கதை முழுவதையும் கேட்ட அம்மா, போனை மூடாமலே பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். "எல்லாரும் கேட்டுக்குங்க! டிக்கெட் அப்புறம் கிழிக்கிறேன்!"

ஊருக்கு ஒரு விஷயத்தைச் சொல்ல அதைவிட நல்ல வழி கிடையாது.

காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் வண்டிகள் வர ஆரம்பித்தன. முதலில் பால் வேன். காசைக் கொடுத்துத் தாண்டியது, அந்தப் பக்கம் திரும்பியது, மறுபடி காசைக் கொடுத்து இந்தப் பக்கம் வந்தது. பிறகு தண்ணீர் லாரி, தையல்காரரின் ஸ்கூட்டர், டாக்டரம்மாவின் கார், ரோடு ரோலர். ரோடு ரோலர் கேட்டைத் தாண்டுவதற்குள் பின்னால் நின்றவர்களுக்கு மீசை முளைத்துவிடும் போலிருந்தது.

"யோவ், ஓரங்கட்டுய்யா! நீ ஒரு தடவை போறதுக்குள்ள நாங்க பத்துத் தடவை போயிருப்போம்!"

"என்ஜின் இருக்கில்ல? அப்ப நானும் வண்டிதான்!"

பிண வண்டிக்காரர் மட்டும் ஏழெட்டு முறை வந்துவிட்டார். "இதுல போனவங்க யாரும் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல தாயி. இன்னைக்கு நான் வந்துக்கிட்டே இருக்கேன் பாரு" என்று சில்லறையை நீட்டினார். ஒரு நாள் கொடுத்து அழுதால் பதினைந்து வருஷம் அழவேண்டாம் என்ற கணக்கு எல்லாருக்கும் நன்றாகவே புரிந்திருந்தது.

சாவடியின் தலைமேல் இருந்த எண் பலகை ஓடிக்கொண்டே இருந்தது. மேனேஜரின் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. பராமரிப்பு என்று சொல்லி இரண்டு கவுண்டர்களை மூடினார். அவளிடம் ஓடிவந்தார்.

"கொஞ்சம் நிதானமா வாங்கும்மா. நோட்டை வெளிச்சத்துல காட்டிப் பாரு. சில்லறை இல்லைன்னு சொல்லு."

"சரிங்க சார்" என்றாள். கை மட்டும் இன்னும் வேகமாக ஓடியது.

"கேட்டு போனா உன் வேலையும் போகும். படிச்ச பொண்ணு, யோசிக்க மாட்டியா?"

"படிச்ச பொண்ணுங்கிறதாலதான் சார் யோசிக்கிறேன். நான் படிச்சது இந்தக் கேட்டுக் கம்பைத் தூக்கித் தூக்கி இறக்குறதுக்கா?"

பொழுது சாய்கிற நேரம் வந்தது. வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்ததில் பாதிப் பேரிடம் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பலகை நொண்டியது. வாக்குக் கொடுத்த எண்ணிக்கைக்குக் கொஞ்சம்தான் குறைவு. சரியாகச் சொன்னால், ஒரு மினிபஸ் கூட்டத்தின் அளவு குறைவு.

அந்தக் கூட்டம் முழுக்கப் பழைய ரோடு பிரியும் இடத்தில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் அப்பாவின் பஸ். தலைவர் அசைந்தால்தான் மற்றவர்கள் அசைவார்கள்.

அவள் கவுண்டர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"யப்பா! வாயேன்!"

"சொன்ன சொல்லு சொன்னதுதான்!" அப்பா அங்கிருந்தே கத்தினார்.

"நீ சொன்ன சொல்லை வச்சுத்தான்பா அவங்க தின்னாங்க! நான் கடைசி சீட்டுல பொறந்தேன், பரீட்சைக்கு லேட்டாப் போனேன், ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? இப்பக் கேக்குறேன். உனக்கு ரோஷம் பெருசா, நான் பெருசா?"

ரோலர்கூட நின்றது.

அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த அம்மாவைப் பார்த்தார். "என்னை எதுக்குப் பாக்குறீங்க? என் பதிலை அப்பவே சொல்லிட்டேன், அந்தக் கடைசி சீட்டுல" என்றாள் அம்மா.

கியர் கரகரவென்று விழுந்தது. பஸ் சாவடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. போகிறார், வந்த வழியே போகிறார் என்று அவள் ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அப்போது பஸ் பின்னாலேயே நகர்ந்து வந்தது.

ரிவர்ஸில் வந்தார் சுத்துவழியார். கேட்டின் மூஞ்சியில் முழிக்காமல், எதிர்ப்பக்கம் வெறித்தபடி, ஊர் பார்க்க, ரிவர்ஸில். அம்மா பின்படியில் தொங்கிக்கொண்டு பஸ்ஸின் உடம்பில் டப் டப்பென்று தட்டினாள்.

"வரலாம் வரலாம்... லெஃப்டுல ஒடிங்க... யோவ், லெஃப்டுன்னா சோத்துக்கை இல்ல!... வரலாம்..."

கவுண்டர் பக்கம் வந்ததும் அம்மா காசை வீசினாள். "மிச்சத்தை நீயே வச்சுக்கடி."

"செல்லாது! பின்னாடி வந்தா கழிக்கணும்!" மேனேஜர் குறுக்கே பாய்ந்தார்.

"மெஷினுக்கு எது மூஞ்சி எது முதுகுன்னு தெரியாது சார்" என்று அவள் கம்பைத் தூக்கினாள்.

பலகையில் எண் ஏறியது. பின்னாலேயே மற்ற மினிபஸ்கள் திரும்பின. ஒன்றுகூட நேராக வரவில்லை. தலைவர் எப்படியோ தொண்டர்களும் அப்படியே. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு வந்தன. ஒவ்வொரு பின்படியிலும் ஒருவர் தொங்கிக்கொண்டு "வரலாம் வரலாம்" என்று கூவ, ஒன்று தூணில் லேசாக இடிக்க, ஹாரன் காதைப் பிளந்தது. கடைசி பஸ் தாண்டியபோது வெயில் ரோட்டிலிருந்து இன்னும் முழுதாக இறங்கவில்லை. பலகை வாக்குக் கொடுத்த எண்ணிக்கையைத் தாண்டி நின்றது.

மேனேஜர் அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். பிண வண்டிக்காரர் அவர் பக்கத்தில் போய், "வீட்டுல விட்டுடட்டுமா சார்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

கெடு முடிந்த அன்று கம்பைக் கழற்றினார்கள். அவளுடைய நாற்காலியையும் லாரியில் ஏற்றினார்கள். அவள் நேராகப் போய் அப்பாவின் பஸ்ஸில் ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்தாள். வேலை இல்லை. பயமாக இருந்தது. பயத்தையும் மீறிச் சிரிப்பு வந்தது.

"நாளைக்கு எங்கடி போவ?" என்றார் அப்பா. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவராகக் கேட்ட கேள்வி.

"வேலை தேடி நகரத்துக்கு. நேர் வழியில கொண்டுபோய் விடு, சீக்கிரம் கிடைக்கும்."

அவர் வண்டியை எடுத்தார். எதிரே புது ரோடு கம்பில்லாமல் திறந்து கிடந்தது. அப்பா ஹாரன் அடித்தார், கம்பீரமாக நிமிர்ந்தார், பழைய ரோட்டுக்குள் திருப்பினார்.

"யோவ்!" பஸ்ஸே எழுந்து கத்தியது.

"கை பழகிப்போச்சுப்பா" என்று முனகினார் சுத்துவழியார். அம்மா அதற்குள் பின்படிக்குப் போய்விட்டாள்.

"வரலாம் வரலாம்..."