இழவு வீட்டில் நீட்டிய கை

மெம்பர் நவீன்குமார் என்னைப் பற்றிச் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆளாளுக்கு "அந்தப் பேச்சு", "அந்த விசயம்" என்று பூசி மெழுகியே அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

என் பெயர் யோகப்பிரியா. எங்கள் பஞ்சாயத்தில் வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக் கழிவு எடுக்கிற பெண்களில் ஒருத்தி. மெம்பரின் கோழிப்பண்ணையிலிருந்து மருந்து பாட்டிலும் தீவனச் சாக்கும் வாய்க்காலில் வந்து விழுகிறதே, அதை யார் கேட்பது என்று கிராமசபையில் எழுந்து கேட்டேன். கேட்டது அவ்வளவுதான். அவர் மைக்கை வாங்கிச் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"ஊடூடாப் போறவளுக்குக் குப்பை மட்டுந்தான் பொறுக்கத் தெரியும்னு நெனச்சேன். எந்தூட்டுல என்னென்ன பொறுக்குறான்னு சிவப்பிரகாசக் கேட்டாத்தான் தெரியும்."

சிவப்பிரகாஷ் என் கணவர். அன்றைக்கு அவர் கஞ்சிக்கோட்டில் கம்பெனி ஷிப்டில் இருந்தார். பஞ்சாயத்துக் கூடமே சிரித்தது. என்னோடு சாக்குத் தூக்குகிற பெண்கள்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நவீன்குமார் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்க விடவில்லை. அப்புறம் நான் கேட்டைத் திறந்தாலே போதும், "இன்னைக்கு எங்கூட்டுல என்ன பொறுக்கப் போறே?" என்று பல்லிளிப்பதற்கு எல்லா வீதியிலும் ஒருவன் இருந்தான்.

பராதி என்று எங்கள் பக்கம் சொல்கிற புகாரைக் கொடுத்தேன். பஞ்சாயத்து செக்ரட்டரி, மெம்பரை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று கையை விரித்தார். பிரசிடெண்ட், "வாய் தவறி வந்துருச்சு, பொம்பளப் புள்ள நீதான் பெருசு பண்ணாம இருக்கோணும்" என்றார். கட்சி ஆபீசில் சாயா கொடுத்தார்கள். சாயா நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் பாலக்காட்டுக்கே போய் மேலிடத்தில் கொடுத்தேன். அங்கிருந்து ஒரு அதிகாரி வந்து தெளிவெடுப்பு விசாரணை நடத்துவார், இரண்டு பக்கத்துச் சாட்சிகளையும் கேட்பார் என்று நோட்டீஸ் வந்தது.

மெம்பர் பதவி போக வேண்டும் என்று நான் எங்கேயும் கேட்கவில்லை. அதே கூடத்தில், அதே மைக்கில், "நான் சொன்னது தப்பு" என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது மட்டும் போதும் என்றிருந்தேன்.

சாட்சி சொல்ல இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் முக்கில் மளிகைக்கடை வைத்திருக்கும் கமால் பாய். இன்னொருவர் சின்னையன், என் கணவருக்குப் பங்காளி. என் கணவரும் என் பக்கம்தான் நின்றார். "அவன் மூஞ்சில முழிக்கறதில்ல" என்று சொல்லி, மெம்பர் வீட்டு வழியை விட்டுச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தெளிவெடுப்புக்கு முந்தின வாரம் என் மாமனார் ரத்தினசாமி இறந்துபோனார்.

எங்கள் சனத்தில் சாவுக்கு வரும் ஆண்கள் வாயைத் திறந்து ஆறுதல் சொல்வதில்லை. பந்தல் வாசலில் வீட்டு ஆண்கள் கையை நீட்டியபடி வரிசையாக நிற்பார்கள். வருகிறவர் ஒவ்வொரு கையாகத் தொட்டுவிட்டு உள்ளே போய் உட்காருவார். வரப்புத் தகராறில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள்கூட வந்து தொடுவார்கள், மறுநாள் கோர்ட்டுக்கும் போவார்கள். நீட்டின கையை மடக்குவது என்பது கிடையாது. மடக்கினால் செத்தவரை அவமானப்படுத்தியதாக ஊர் பேசும். அந்தக் கை செத்தவருக்கு. உயிரோடிருப்பவர்கள் சண்டைக்கு அதில் சம்பந்தமே இல்லை. இது எங்களில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் தெரியும்.

நவீன்குமார் வந்தார். வரிசையில் ஒவ்வொரு கையாகத் தொட்டுக்கொண்டு வந்தவர், என் கணவரிடம் வந்ததும் நின்றுவிட்டார். வழக்கம்போல் தொட்டுவிட்டு நகரவில்லை. இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். கூட வந்தவன் போனைத் தூக்கிப் படம் எடுத்தான். பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. கத்த வேண்டும் போலிருந்தது. பிணத்தைப் போட்டுக்கொண்டு எதைக் கத்துவது? சாயங்காலத்துக்குள் அந்தப் படம் வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது. கீழே ஏகப்பட்ட பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

தெளிவெடுப்பு பஞ்சாயத்துக் கூடத்தில் நடந்தது. வந்த அதிகாரி ஜிஸ்மி மேடம், கோட்டயம் பக்கத்துக்காரர். நல்ல மாதிரி. என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொன்னார். என் பராதியில் இருந்த அந்த வாக்கியத்தைப் படித்ததும் முகம் சுருங்கியது. "ஒரு ஜனப்பிரதிநிதி பேசுகிற பேச்சா இது?" என்று மலையாளத்தில் நவீன்குமாரைக் கேட்டார். பைத்தியக்காரி, அந்த நிமிஷம் நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நவீன்குமார் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. போனை எடுத்து அந்தப் படத்தை மேடத்தின் முன்னால் வைத்தார். "எங்களுக்குள்ள எல்லாம் பேசித் தீந்துபோச்சுங்க மேடம். இந்தப் புள்ளதான் யாரோ தூண்டிவுட்டு விடமாட்டேங்குது."

மேடம் படத்தைப் பார்த்தார். "கை கொடுத்துச் சமாதானமாகி ஒத்துதீர்ப்பு ஆகிவிட்டதா? இதை ஏன் யாரும் சொல்லவில்லை?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒத்துதீர்ப்பெல்லாம் இல்லீங்க மேடம். அது எழவு ஊட்டு வழக்கம். யாரு வந்தாலும் கை நீட்டித்தான் ஆகோணும்."

அவர் சின்னையனைப் பார்த்தார். சாவன்றைக்கு அதே வரிசையில் என் கணவருக்குப் பக்கத்தில் கை நீட்டி நின்ற ஆள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கை குடுத்தது குடுத்ததுதானுங்களே" என்றார்.

கமால் பாய் தானாகவே எழுந்தார். "மேடம், நானும் அன்னைக்குப் போயிருந்தேன். நானும் அப்படித்தான் ஒவ்வொரு கையாத் தொட்டேன். அது செத்தவருக்குச் செய்யிற மரியாதைங்க. சமாதானம் பேசற இடம் இல்ல அது. மெம்பருக்கு அது நல்லாவே தெரியும்."

"கமால் பாய்க்கு எங்க சனத்து வழக்கம் என்னங்க தெரியும்?" என்றார் நவீன்குமார். "அவுங்கூட்டுல கை நீட்டுற பழக்கமே இல்லையே."

மறுபடியும் சிரித்தார்கள். அதே கூடம், அதே ஆட்கள். கமால் பாய் முகம் சிவக்க உட்கார்ந்தார். ஒரு உண்மையைச் சொல்ல அந்தக் கூடத்தில் வேற்று சனத்து மனுசன் ஒருவருக்குத்தான் வாய் இருந்தது. அவர் சொன்னால் செல்லாது என்று என் சொந்தக்காரர்கள் சிரித்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

மேடத்துக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் கணவரை எழுந்து நிற்கச் சொன்னார். "நீங்கள் சொல்லுங்கள். சமாதானமாகித்தான் கை கொடுத்தீர்களா?"

சிவப்பிரகாஷ் எழுந்தார். மொட்டையடித்த தலை. கழுத்தைக் குனிந்துகொண்டு நின்றார்.

"சொல்லுங்க மாமா" என்றேன்.

சுற்றிலும் பங்காளிகள். அப்பன் பிணத்தின் முன்னால் நீட்டிய கையை வழக்குக்கு இழுத்தான் என்று காலத்துக்கும் பேசுவார்கள். அவர் யோசிப்பது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் வயிறு எரிந்தது. என் பேரை மைக்கில் நாறடித்தபோது இந்தப் பங்காளிகள் என்ன பேசினார்கள்?

மேடம் இன்னொரு தடவை கேட்டார். அவர் வாய் திறக்கவில்லை. மேடம் எழுதினார். இருதரப்பும் சமாதானமாகிவிட்டதால் பராதி முடித்துவைக்கப்படுகிறது என்று படித்துக் காட்டினார். "குடும்பங்கள் சேர்ந்து போவது நல்லதுதானே" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

வெளியில் புளியமரத்தடியில் நவீன்குமார் தன் ஆட்களோடு நின்றிருந்தார். நாங்கள் வண்டியை எடுக்கப் போகும்போது, எங்களுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்:

"பெரியவரு நல்ல நேரம் பாத்துத்தான் போயிருக்காரு."

என் கணவர் ஒரு கணம் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வாய்க்கால் பாலம் தாண்டின பிறகு வாயைத் திறந்தார்.

"அந்தக் கை எங்கப்பனுக்கு நீட்டுனது புள்ள. அவனுக்கில்ல."

"ஏனுங்க, இத எதுக்கு எங்கிட்டச் சொல்றீங்க? அந்தக் கூடத்துல இது தெரியாத ஆளு அந்த மேடம் ஒருத்திதான். அவங்க உங்ககிட்ட ரண்டு தடவ கேட்டாங்க."