பத்து நாள் பருப்பு

“மீனும் இல்லையோ?”

“மீனும் இல்லை.”

“முட்டை?”

“முட்டையும் இல்லை அண்ணை. பருப்பு, மரக்கறி, தண்ணி. பத்து நாள்.”

“யேசுநாதர் மீன் சாப்பிட்டவர் எண்டு நான் கேள்விப்பட்டனான். செத்து எழும்பி வந்து, முதல் வேலையாய்ச் சுட்ட மீன் வாங்கிச் சாப்பிட்டவராம். நீர் பாசையூரான். உமக்குத் தெரியாமலோ இருக்கும்?”

கட்டில் ஓரத்தில் இருந்த வின்சன்ற் சிரிக்கவில்லை. மடியில் இருந்த வேதாகமத்தின் தாளைப் புரட்டினான். பாசையூரில் படகு எஞ்சின் திருத்திய கை அது. அச்செழுத்தின்மேல் ஓடும்போதும் எங்கேயோ கழன்றுபோன ஆணியைத் தேடுவதுபோலவே ஓடியது.

கேள்வி கேட்டவர் தியாகராசா. சீமெந்துத் தொழிற்சாலையில் எழுதுவினைஞராக இருந்தவர், ஐம்பதை நெருங்குகிறவர், மேற்கு ஜெர்மனியில் ஹம் நகரத்து அகதி விடுதியின் பதினாலாம் நம்பர் அறையில் மூத்தவர். மேசையருகே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவன் சிறீதரன். அவனுக்கு இருபத்துமூன்று வயது. அறைக்குச் சமையல் அவன்தான். மற்ற இருவருக்கும் தேநீர் போடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

அன்று சனிக்கிழமை, 1986 செப்ரெம்பர் இருபதாம் தேதி. இரண்டு நாளுக்கு முன்புதான் அந்தச் செய்தி வந்திருந்தது. ஒக்டோபர் முதலாம் தேதியிலிருந்து, மேற்கே போவதற்கு விசா இல்லாத எவரையும் கிழக்கு ஜெர்மனி தன் வழியாக விடாதாம். அறையில் இருந்த மூன்று பேரும் வந்தது அந்த வழியால்தான். கொழும்பிலிருந்து மொஸ்கோ, மொஸ்கோவிலிருந்து கிழக்கு பெர்லின், பிறகு ஒரு ரயில் ஏறினால் மேற்கு. வின்சன்ற்றின் மனைவி கொறற்றியும் நாலு வயது மகள் மெறில்டாவும் இப்போது அதே வழியில் எங்கேயோ நின்றார்கள். ஏஜென்சிக்காரன் கூட்டிவந்த ஏழு பேரில் அவர்களும் இருவர். மொஸ்கோவில் இறங்கிவிட்டார்கள் என்று ஒரு தகவல் வந்தது. அதற்குப் பிறகு பன்னிரண்டு நாளாக ஒன்றுமில்லை. கதவு மூடுவதற்கு மிச்சம் இருந்தது பத்து நாள்.

“பத்து நாள் எண்டு நானாகச் சொல்லேல்லை,” என்றான் வின்சன்ற். “இதிலை கிடக்கு. தானியேலும் கூட்டாளிமாரும். அடிமையாய்ப் பிடிச்சு அந்நிய தேசத்துக்குக் கொண்டுபோன நாலு பொடியள். ராசா தன்ர மேசையிலை இருந்து இறைச்சியும் வைனும் குடுக்கச் சொன்னவன். அவங்கள் வேண்டாம் எண்டிட்டாங்கள். பத்து நாள் பருப்பும் தண்ணியும் தந்து சோதிச்சுப் பாருங்கோ எண்டு கேட்டவங்கள். பருப்பு எண்டே எழுதியிருக்கு, இந்தாங்கோ.”

தியாகராசா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். உண்மைதான். பருப்பு என்றே இருந்தது.

“அப்ப மற்றச் சனம் எல்லாம் இறைச்சி திண்டு நரகத்துக்கோ?”

“அப்பிடியில்லை அண்ணை. ஆதியிலை கடவுள் மனிசனுக்குக் குடுத்தது விதையும் பழமும். மிருகத்துக்கும் புல்லுத்தான் குடுத்தவர். ஒரு உயிர் மற்ற உயிரைத் திண்ணேல்லை. வெள்ளம் வந்து உலகம் அழிஞ்சாப்பிறகுதான் நோவாவுக்கு இறைச்சி திண்ண விட்டவர். அது துல்டுங் மாதிரி.”

துல்டுங் என்பது அவர்கள் மூவரின் சட்டைப் பையிலும் மடித்துக் கிடந்த கடிதத்தின் பெயர். இங்கே இருக்க உமக்கு உரிமை இல்லை, ஆனால் இப்போதைக்குப் பொறுத்துக்கொள்கிறோம் என்று சொல்லுகிற கடிதம். சில மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று அதற்கு முத்திரை குத்தவேண்டும்.

“விரும்பிக் குடுக்கேல்லை,” என்றான் வின்சன்ற். “பொறுத்துக்கொண்டிருக்கிறார். கடைசி காலத்திலை சிங்கமும் வைக்கோல் திண்ணும் எண்டு ஏசாயா சொல்லியிருக்கு. முதலிலையும் இறைச்சி இல்லை, முடிவிலையும் இல்லை. நடுவிலை எங்களுக்குத் தந்தது தவணை.”

வாதம் தியாகராசாவுக்குப் பிடித்திருந்தது. அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

“நாங்கள் சைவக்காரர் ஐசே. வெள்ளியும் செவ்வாயும் மச்சமாமிசம் தொடாத சனம். கடைசியிலை ஒரு வேதக்காரன் வந்து எங்களுக்கு மரக்கறி சாப்பிடப் படிப்பிக்கிறான். சரி, அவை நாலு பேர். நாங்கள் மூண்டு. நாலாவது ஆளுக்கு எங்கை போறது?”

“பிறகு அதே ராசா நெருப்புச் சூளைக்குள்ளை தூக்கிப் போட்டதும் அவங்களிலை மூண்டு பேரைத்தான். ராசா எட்டிப் பாக்கேக்கை உள்ளை நாலு பேர் நடந்து திரிஞ்சவை.”

மூவரும் ஒரே நேரத்தில் நாலாவது கட்டிலைப் பார்த்தார்கள். அதில் இருந்தவனைப் போன மாதம் வேறு நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மெத்தை மட்டும் சுருட்டியபடி கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே சரக்கு ரயில் பெட்டிகள் ஒன்றையொன்று மோதிக் கோர்த்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“கொறற்றிக்காக,” என்றார் தியாகராசா. “அந்தப் பிள்ளைக்காக. பத்து நாள். பதினோராம் நாள் நானும் அந்தக் கோழியும் தனிய இருந்து கதைப்பம்.”

கோழி என்று அவர் சொன்னது, விடுதியில் வியாழக்கிழமைகளில் தரும் உணவுப் பொதியில் வந்து குளிர்பெட்டியில் கிடந்த கோழியை. வின்சன்ற் அன்றைக்கே அதை எடுத்துப் பக்கத்து அறைக் கானா நாட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டான். பிறகு சமையல் சட்டியைக் கொதிதண்ணீர் ஊற்றி ஊற்றி அரை மணி நேரம் உரஞ்சினான். அதில் இதுவரை வெந்த எல்லாவற்றையும் கழுவிவிடப் பார்த்தான். ‘நீயும் சம்மதமோ?’ என்று சிறீதரனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று மூவருக்கும் தெரிந்திருந்தது. அவன் கொக்குவிலில் முட்டைகூட வாசல்படி தாண்டாத வீட்டில் வளர்ந்தவன். இந்த நாட்டுக்கு வந்த முதல் வாரத்தில், பசியில், என்னவென்று கேட்காமல் ஒரு சொசேஜைத் தின்றான். வானம் இடிந்து விழவில்லை. அதற்குப் பிறகு அவன் எதையும் கேட்பதில்லை.

முதல் நாலு நாளும் விரதம் ஒழுங்காக நடந்தது. சிறீதரன் துருக்கிக் கடையில் சிவப்புப் பருப்பு வாங்கி, கரட்டும் கோவா இலையும் போட்டு அவித்தான். தியாகராசா முணுமுணுத்துக்கொண்டு சாப்பிட்டார். வின்சன்ற் சாப்பிடுவதாகப் பாவனை செய்தான். நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை விடுதிப் பொறுப்பாளரின் அறையில் வெளியே இருந்து வரும் தொலைபேசி அழைப்புகளை எடுப்பார்கள். அந்த இரண்டு மணி நேரமும் அவன் அந்த அறை வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தான். பொறுப்பாளர் முதல் நாள் அவனைத் துரத்தினார், மூன்றாம் நாள் ஒரு கோப்பை கோப்பி கொண்டுவந்து வைத்தார். காலையில் வேதாகமம் வாசித்தான். சிறீதரனுக்கும் வாசித்துக் காட்டினான்.

“இதைக் கேள் தம்பி. பவுல் சொல்லுறார், சாப்பாடு எங்களைக் கடவுளுக்குக் கிட்டக் கொண்டுபோகாதாம். திண்டாலும் கூடுதல் இல்லை, திண்ணாட்டிலும் குறை இல்லை.”

“அப்ப ஏன் அண்ணை இந்தப் பாடு?”

“அதோடை நிக்கக்கூடாது. கீழை வாசிக்கவேணும்.” ஆனால் அந்த நேரம் கீழே எங்கேயோ தொலைபேசி அடித்தது. புத்தகத்தைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினான். அழைப்பு பொறுப்பாளருக்கு.

ஐந்தாம் நாள் மாலை அவன் மாடிப்படியில் விழுந்தான். சிறீதரனும் தியாகராசாவும் தூக்கி வந்து கிடத்தினார்கள். கண்ணைத் திறந்ததும் அவன் கேட்டது, “போன் வந்ததோ?” பாலைக் காட்டியபோது தலையை ஆட்டினான். தானியேல் பால் குடித்ததாக எழுதவில்லையாம். அவனுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்த சிறீதரனுக்குத் தன் விரல்களே அதைச் சுற்றிவந்து ஒன்றையொன்று தொடுவது தெரிந்தது.

அன்றிரவு சிறீதரனுக்கு அந்தப் பிள்ளையின் முகம் மனதைவிட்டுப் போகவில்லை. புகைப்படத்தில் மட்டும் பார்த்த முகம். அவள் இந்தப் படியேறி வருகிறாள், கையில் ஒரு சின்னப் பை. ‘அப்பா எங்கை?’ என்று கேட்கிறாள். என்ன சொல்வது? உன்னைக் கூப்பிடப் பட்டினி கிடந்து போய்விட்டார் என்றா?

அடுத்த நாள் பொதுச் சமையலறையில் அலுமாரியைத் திறந்தான். பின்வரிசையில், உணவுப் பொதிகளில் வந்து எதற்கென்று தெரியாமல் சேர்ந்துபோன சின்னச் சின்னக் கட்டிகள் கிடந்தன. சூப்புக்குப் போடுகிற சாறு என்று கானாப் பெண் ஒருநாள் காட்டித் தந்திருந்தாள். சுற்றியிருந்த தாளில் ஒரு மாட்டின் தலை இருந்தது. தெரியாமல் செய்தேன் என்று பிற்காலத்தில் அவன் தன்னிடம்கூடச் சொல்லமுடியாதபடி அந்தத் தலை பெரிதாக இருந்தது. உப்புக்கட்டி மாதிரித்தானே, என்று நினைத்தான். மருந்துதானே. சாப்பாடு எங்களைக் கடவுளுக்குக் கிட்டக் கொண்டுபோகாது என்று வின்சன்ற்றின் புத்தகத்திலேயே இருக்கிறதே. இரண்டு கட்டியைக் கொதிக்கிற பருப்புக்குள் போட்டான். தாளைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியின் அடியில் புதைத்தான்.

வின்சன்ற் ஒரு வாய் வைத்தான். நிமிர்ந்து பார்த்தான். பிறகு கோப்பையை வழித்து முடித்து இன்னும் கேட்டான்.

“இண்டைக்கு ஏதோ ருசி இருக்கு,” என்றான்.

“பெருங்காயம்,” என்றான் சிறீதரன்.

அடுத்த நாள் பயத்தில் கட்டி போடாமல் சமைத்தான். வின்சன்ற் மூன்று வாயோடு தள்ளி வைத்துவிட்டான். எட்டாம் நாள் திரும்பவும் போட்டான். ஒன்பதாம் நாளும். வின்சன்ற்றின் கன்னத்தில் கொஞ்சம் இரத்தம் தெரிந்தது, படியேறும்போது மூச்சு வாங்கவில்லை. அவன் தியாகராசாவின் சவரக் கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தான்.

“அண்ணை, என்ர முகத்தைப் பாருங்கோ. பத்து நாள் முடிய, ராசாவின்ர சாப்பாடு திண்டவையைவிட அவங்கடை முகம் தெளிஞ்சிருந்தது எண்டு எழுதியிருக்கு. எனக்கு ஒன்பதிலேயே தெரியுது. அவை வரப்போகினம்.”

“எனக்கும் இந்தப் பருப்புப் பிடிச்சுப்போச்சு ஐசே,” என்றார் தியாகராசா. “இவன் பொடியன்ர கைதான். வேறை ஒண்டுமில்லை.”

சிறீதரன் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியே போனான். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அது நிரம்பி வழியும்வரை நின்றான்.

பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, ஐந்து மணிக்குப் பொறுப்பாளர் கீழிருந்து “பதினாலு” என்று கூப்பிட்டார். வின்சன்ற் வாங்கிலேயே இருந்தபடியால் இரண்டு எட்டில் உள்ளே போனான். சிறீதரன் ஓடி இறங்கி வாசலில் நின்றான். மறுமுனையில் பேசியவள் யோசப்பின் என்ற பெண், அந்த ஏழு பேரில் ஒருத்தி. வின்சன்ற் அவள் சொன்னதை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான். தனக்கே கேட்கவேண்டும் என்பதுபோலச் சொன்னான்.

“பெர்லினிலை இருந்து. ஓம். மேற்கிலை. ஐஞ்சு பேர் வந்திட்டியள். ஓம். பிள்ளைக்குக் காய்ச்சல். மொஸ்கோவிலை ஏத்தேல்லை. தாயும் பிள்ளையும் நிண்டிட்டினம். அடுத்த பிளேன்... நாளைக்குக் காலமை.” பிறகு, “நாளைக்கு ஒண்டாந் தேதியெல்லோ,” என்றான். இணைப்பு அறுந்துவிட்டது. அவன் இன்னும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்தான். பொறுப்பாளர் மெதுவாக அவன் கையிலிருந்து அதை வாங்கி வைத்தார்.

அறைக்கு வந்து, வேதாகமத்தை எடுத்து மடியில் வைத்தபடி நாலாவது கட்டிலில், சுருட்டிய மெத்தைக்குப் பக்கத்தில், இருந்தான். ஜன்னலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

“கதவு ராத்திரியோடை பூட்டுறாங்களோ, நாளைக்குப் பின்னேரமோ, ஒருத்தருக்கும் தெரியாது,” என்றார் தியாகராசா. “வழியிலை நிக்கிற சனத்தை விடக்கூடும்.”

“விடலாம். விடாமலும் இருக்கலாம்.” வின்சன்ற் தரையைப் பார்த்துச் சொன்னான். “ஏழு பேரிலை அந்த ரெண்டு பேரை மட்டும் ஏன் அண்ணை? நான் எங்கையோ பிழை விட்டிட்டன். பத்து நாளையும் திருப்பித் திருப்பிப் பாக்கிறன். ஒண்டும் ஆப்பிடுதில்லை. நீங்கள் ஏதும் தொட்டனீங்களோ? கோவிக்கமாட்டன்.”

தியாகராசா எழுந்து வந்து, கேட்காமலே, அவன் மடியிலிருந்த புத்தகத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

“பிள்ளையாராணை இல்லை. ஸ்டேஷனடியிலை சொசேஜ் சுடுற மணம் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தனான். மூக்காலை போனதும் சேர்த்தியோ தெரியாது.”

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

வின்சன்ற் தலையாட்டினான். புத்தகத்தைத் திறந்து தாளைத் தடவினான். அன்று வாசித்துப் பாதியில் விட்ட பக்கத்தில் ஒரு ரயில் சீட்டு அடையாளமாக இருந்தது. கட்டிலருகே நின்ற சிறீதரனுக்கும் அந்தப் பக்கம் தெரிந்தது. கீழே வாசிக்கவேணும் என்று சொன்ன இடம். கண் தானாக இறங்கியது. சாப்பாடு என் சகோதரனை இடறி விழுத்துமானால் நான் என்றைக்கும் இறைச்சி உண்ணமாட்டேன் என்று அங்கே பவுல் எழுதியிருந்தார்.

“இன்னும் பத்தாம் நாள் முடியேல்லை,” என்றான் வின்சன்ற். குரலில் ஏதோ ஒன்று திரும்பி வந்திருந்தது. சிறீதரனுக்கு அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. “பன்னிரண்டு மணி வரைக்கும் இருக்கு. நேர்த்தி உடையேல்லை எண்டால் அவர் கைவிடமாட்டார். காய்ச்சல் மாறும், பிளேன் வரும், ஆரோ ஒருத்தன் கண்ணை மூடிக்கொண்டு விடுவான். எனக்கு அது மட்டும் தெரிஞ்சால் காணும்.”

அவன் எழுந்து வந்தான். புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு தட்டை நீட்டுவதுபோல, சிறீதரனுக்கு முன்னால் நீட்டினான்.

“தம்பி, சமைச்சது நீ. உன்னிலை எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எண்டாலும் இதிலை கையை வைச்சு, பருப்பும் மரக்கறியும் தவிர வேறை ஒண்டும் அந்தச் சட்டிக்குள்ளை போகேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. விடியுமட்டும் நான் அதைப் பிடிச்சுக்கொண்டு இருப்பன்.”