இரண்டு மணிக் கட்டம்

மூன்றாவது முறை படித்தபோதும் பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல் அதையேதான் சொன்னது. என் பட்டம் மூன்று வருடம்; அவர்கள் கேட்பது நான்கு. குறைகிற ஒரு வருடத்துக்கு ஈடாக, நானே தரவு சேகரித்து ஆராய்ந்த வேலை ஏதாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பலாம். இல்லையென்றால் போய் வரலாம். வெளிநாட்டில் புள்ளியியல் முதுகலைக்கு நான் விண்ணப்பித்த ஆறு இடங்களில் ஐந்து ஏற்கெனவே கையை விரித்துவிட்டன. மிச்சம் இது ஒன்றுதான்.

"அந்த நோட்டை அனுப்பேன்," என்றாள் அம்மா, துணி மடித்துக்கொண்டே. "ஒரு வருஷம் ராப்பகலா எழுதினியே. அதுக்கு மேல என்ன வேலை வேணுமாம் அவங்களுக்கு?"

எந்த நோட்டு என்று நான் கேட்கவில்லை. நான் பட்டம் வாங்கிய கையோடு அண்ணன் படுக்கையில் விழுந்தான். அந்த ஒரு வருடமும் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவன் காய்ச்சலையும் நாடித்துடிப்பையும் வலியையும் கட்டம் போட்டு எழுதினேன். நான் போட்ட வரைபடங்களைப் பார்த்துத்தான் டாக்டரே மருந்தை மாற்றுவார். வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால், "நீ கேக்கிறப்ப மட்டும் பன்னெண்டு, புள்ளி," என்பான். புள்ளியியல் படித்ததால் அவனுக்கு நான் புள்ளி. வெளிநாட்டுப் படிப்புக்கு முதலில் தூபம் போட்டவனும் அவன்தான்.

அவன் போய் இரண்டு வருடமாகிறது. இன்னும் மதியம் இரண்டு மணி அடித்தால், எங்கே இருந்தாலும் என் கை தெர்மாமீட்டரைத் தேடுகிறது. கடைசி நாள் மதியம் அவன் கட்டிலருகே நாற்காலியிலேயே தூங்கிப்போனேன். விழித்தபோது ஐந்தரை. இரண்டு மணிக் கட்டத்தில் 98.4 என்று இருந்தது. தூக்கக் கலக்கத்தில் நானேதான் அளக்காமல் எதையோ கிறுக்கியிருக்கிறேன் என்று நினைத்தேன். ஆறு மணிக்கு அளந்தேன்: 104. ஆம்புலன்ஸ் வந்தது. அவன் திரும்பி வரவில்லை. அந்தப் பொய் எண்ணை நான் யாரிடமும் சொன்னதில்லை. தூங்காமல் இருந்திருந்தால் அவன் இருந்திருப்பான் என்று இன்றும் நம்புகிறேன்.

நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் பிடித்தேன். கடைசிப் பக்கத்தில் கை தயங்கியது. அதை மட்டும் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் எடுத்தேன். எழுத்து தெளிவாக விழுந்ததா என்று பார்க்க விரலால் பெரிதாக்கினேன்.

நான்கு எழுதும்போது நான் மேலே முக்கோணமாக மூடிவிடுவேன். பக்கம் முழுக்க மூடிய நான்குகள். இரண்டு மணிக் கட்டத்தில் மட்டும் நான்கு வாய் திறந்து நின்றது. பள்ளியில் என் நோட்டு அட்டைகளில் 'வகுப்பு 4' என்று அண்ணன் எழுதித் தந்த அதே நான்கு.

"அம்மா, அன்னைக்கு மத்தியானம் நான் தூங்கினப்ப நீ எங்க இருந்தே?"

மடித்த சட்டையை அவள் உதறி மறுபடி மடித்தாள். "உன்னை எழுப்ப வந்தேன். அவன்தான் நோட்டைத் தூக்கிக் காட்டினான். எழுதியாச்சும்மா, காய்ச்சல் இல்ல, பாவம் தூங்கட்டும்னான். நீ எழுதினதுன்னு நெனச்சேன்... ஏன்டி?"

நீ அவனைத் தொட்டுப் பார்த்தாயா என்ற கேள்வி என் வாய்வரை வந்துவிட்டது. "சும்மாதான் கேட்டேன்," என்றேன்.

எல்லாப் பக்கங்களும் பல்கலைக்கழகத்தின் தளத்தில் ஏறிய பிறகு திரையில் கடைசியாக ஒரு கேள்வி வந்தது: இந்த அளவுகள் அனைத்தையும் எடுத்தவர் நீங்கள்தானா? ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். நான் மறுபடி நோட்டைப் பார்த்தேன். 104-க்குக் கீழே, நான் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த நேரங்கள் வரிசையாக நின்றன: பத்து, இரண்டு, ஆறு. எதிரே எல்லாம் வெறும் கட்டங்கள். மேலே அவனுடைய நான்கு இன்னும் மூடாமல் இருந்தது.