வாக்கர் சக்கரத்துக்கு ஒரு புஷ்

ஆறு மணிக்கு எழுகிறேன். பல் துலக்குகிறேன். போர்வையை மடிக்கிறேன். இரண்டு தம்ளர் டீ போடுகிறேன். ஒன்று சர்க்கரை இல்லாமல், அத்தைக்கு. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார்.

"தூங்கினீங்களா மாப்ள?"

"தூங்கினேன் அத்தை. நீங்க?"

"நல்லாத் தூங்கினேன்."

இருவரும் சொல்வது பொய்.

அத்தை என் மனைவியின் அம்மா. மனைவி இறந்து ஐந்து மாதமாகிறது. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது. முப்பத்தொரு வயது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்ன சொன்னா?" என்று கேட்டார். "அம்மாவைப் பக்கத்துலயே வச்சுக்கோங்கன்னு சொன்னா" என்றேன். வாயில் வந்தது அதுதான். அன்றிலிருந்து என்னோடு இருக்கிறார்.

லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. அவர் தெருவுக்கு இறங்கி இரண்டு மாதமாயிற்று. அவர் மகன், என் மச்சினன், இருப்பது தரைத்தளத்தில். அங்கே பிறந்து நாற்பது நாளான பேத்தி இருக்கிறாள். அழைத்துப்போக மச்சினன் இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் முறையாக வந்தான். வர முடியாது என்று அத்தை வாசலிலேயே சொல்லிவிட்டார்.

அவருடைய வாக்கரின் ஒரு சக்கரம் ஆடியது. அச்சு உரசாமலிருக்க உள்ளே போட்டிருந்த பிளாஸ்டிக் வளையம், புஷ், தேய்ந்திருந்தது. பித்தளையில் ஒன்று கடைந்து போடுகிறேன் என்று, என் சின்ன லேத் இருக்கும் பின்னறைக்குப் போனேன். இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

"இது லேத்தா மாமா, தையல் மெஷினா? மேசைக்குள்ளயே அடங்கிடுச்சு" என்றான் மச்சினன்.

"நீ பொறக்கும்போது இதுல கால்வாசி இல்லடா. வாய் மட்டும் இதே சைஸ்" என்றார் அத்தை.

பித்தளைக் கம்பியை லேத்தின் சுழலும் பிடியான சக்கில் மாட்டி நடுவில் துளை போட்டேன். அடுத்து வெளிப்பக்கம் கடைய வேண்டும். தாங்கியில் இருந்தது இரும்பைச் சீவும் டூல். மேல்முகம் சரிவாகத் தீட்டியது. அது பித்தளையில் கொத்திக்கொண்டு உள்ளே இழுக்கும். கடினமான கார்பைடு முனை வைத்த டூல்கள் பெட்டியோடு கிடக்கின்றன. அவை கேட்கும் வேகமும் பலமும் இந்தச் சின்ன மெஷினுக்குக் கிடையாது. மேல்முகம் தட்டையான டூலை எடுத்தேன்.

முனைக்கும் கம்பிக்கும் நடுவே இரும்பு அளவுகோலை இடுக்கிப் பார்த்தேன். அதன் மேல்நுனி என் பக்கம் சாய்ந்தது. டூல் தாழ்ந்திருக்கிறது. அடியில் ஒரு தகரத் துண்டைச் செருகினேன். அளவுகோல் நேராக நின்றது.

"பாப்பாவை ஒரு மாசமாவது வந்து பாரேன்மா" என்றான் மச்சினன்.

"ஆசை இல்லாமயாடா இருக்கேன்? போட்டோவைப் பாத்துப் பாத்து போனே தேஞ்சுபோச்சு. என்ன பண்றது, அவ அப்படிச் சொல்லிட்டுப் போயிட்டா."

திருகுகளை இறுக்கி மெஷினைப் போட்டேன். கிரீச்சென்று கத்தியது. அத்தை காதைப் பொத்திக்கொண்டார். நிறுத்திவிட்டுப் பார்த்தேன். டூல் தாங்கியிலிருந்து இரண்டு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. புதிதாகப் பழகுகிறவன் செய்கிற தப்பு.

"என்ன மாமா, கவனம் எங்க இருக்கு?"

அத்தை போய்விட்டால் இந்த வீட்டில் என்னிடம் பேச ஆள் இல்லை. ஆபீசில் யாரும் என்னிடம் வேலையைத் தவிர எதுவும் பேசுவதில்லை. அவள் பேச்சு வந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மச்சினன் சாயங்காலம் தனியாகக் கிளம்பிவிடுவான்.

திருகுகளைத் தளர்த்தி, டூலை எவ்வளவு முடியுமோ அவ்வளவு உள்ளே தள்ளி, மாற்றி மாற்றி இறுக்கினேன். உயரத்தை மறுபடி சரிபார்த்தேன். இந்த முறை சத்தமில்லாமல் கடைந்தது. அளவுக்கு வந்ததும் கம்பியிலிருந்து அறுத்து, முனையைத் தேய்த்து, சக்கரத்தில் அடித்து ஏற்றினேன்.

அத்தை கதவுக்கும் ஜன்னலுக்குமாக நான்கு முறை நடந்தார். சக்கரம் ஆடவில்லை.

"வெண்ணெய் மாதிரி ஓடுது மாப்ள. மாடிப்படி மட்டும் இல்லன்னா இதைத் தள்ளிக்கிட்டே போய் அந்தக் குட்டியைப் பாத்துட்டு வந்துடுவேன்." கொஞ்சம் சிரித்தார். பிறகு முட்டியைத் தடவிக்கொண்டார்.

"அத்தை, அவ அப்படிச் சொல்லல."

"எப்படிச் சொல்லல?"

"உங்களைப் பத்தி எதுவுமே சொல்லல. நானா சொன்னது. நீங்க இவன்கூடப் போங்க."

மச்சினன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். அத்தை வாக்கரை விடாமல் நின்றார். அதை என் பக்கம் திருப்பினார்.

"அப்ப என்னதான் சொன்னா?"

அவள் மயங்கி விழுந்த அன்று நான் இங்கேதான் நின்று கடைந்துகொண்டிருந்தேன். அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனாள். போகிறபோக்கில் இந்த வாசலில் நின்றாள். அவள் கடைசியாகச் சொன்னதை அத்தையிடம் அப்படியே சொன்னேன்.

"சட்டையை உதறிட்டு உள்ள வாங்க. நேத்து மெத்தையெல்லாம் இரும்புத்தூள்."