மறுப்பு வராவிட்டால் சம்மதம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் வட்டாரத் தொழில்நுட்ப நிறுவனங்களின் கூட்டமைப்பு ஆண்டு மலர் ஒன்று போடுகிறது. அதில் ‘கூட்டமைப்பின் பங்கு’ என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். அருமையான தலைப்பு, தூக்கம் வராதவர்களுக்கு உதவும். விவரம் சேர்க்கலாமென்று ஒரு மதியம் அவர்கள் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே செயலாளராக இருக்கும் பெண்மணி என் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னாள். ஆனால் கண் முழுக்கக் கணினித் திரையிலேயே இருந்தது. தேநீர் ஆறி ஆடை கட்டியது. கையைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து நானாக ஒரு காரணம் கற்பித்தேன். அன்றோடு கட்டுரை படுத்துவிட்டது, என் நிம்மதியும் போயிற்று.

2

முதல் தொடக்கம்: “தொழிலுக்கும் அரசுக்கும் இடையே பாலமாக விளங்கும் கூட்டமைப்பு, தன் உறுப்பினர்களின்...” [பாலமாம் பாலம். அடித்துவிட்டேன்.]

இரண்டாவது: “மழை வரும்போல் இருண்டிருந்த அந்த மதியத்தில்...” [மழையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நல்ல வெயில்.]

மூன்றாவது: “ஐந்து மணிக்குள் யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும்.”

இது இருக்கட்டும். இதை மட்டும் அடிக்கக் கை வரவில்லை, அதனால் இதுதான் சரி.

3

கூட்டமைப்பில் ஒரு வழக்கம் உண்டு. அரசுக்கு எதையாவது சொல்வதென்றால் நிர்வாகக் குழு சொல்கிறபடி செயலாளர் ஒரு வரைவு எழுதி எல்லா உறுப்பினர்களுக்கும் மின்னஞ்சலில் அனுப்புவாள். குறித்த நேரத்துக்குள் யாரும் மறுக்காவிட்டால் அது எல்லோருடைய கருத்தாகவும் அரசுக்குப் போய்விடும். ஒரே ஒரு உறுப்பினர் மறுத்தால் போதும், வரைவு நின்று, பொதுக்கூட்டத்துக்கு வரும். ஆளாளுக்கு ஒன்று பேசினால் அரசு காதில் போட்டுக்கொள்ளாது, ஒரே குரலில் பேசுவதற்குத்தானே கூட்டமைப்பு?

இந்த முறை வரைவு என்ன சொல்கிறது? மின்னணுப் பொருள் செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் சொந்தமாகச் சோதனைக்கூடம் வைத்திருக்க வேண்டும் என்று அரசு விதி கொண்டுவருகிறது, அதை ‘நாங்கள் அனைவரும் வரவேற்கிறோம்’ என்கிறது. நிர்வாகக் குழுவில் இருக்கும் பெரிய நிறுவனங்களிடம் சோதனைக்கூடம் இருக்கிறது. சின்னவர்கள் எல்லோரும் கூட்டமைப்பின் பொதுச் சோதனைக்கூடத்தை நம்பிப் பிழைப்பவர்கள். விதி வந்தால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

அந்தச் சின்னவர்களில் ஒருவன் அவளுடைய தம்பி. மின்தூக்கிகளுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை செய்கிறான். கொட்டகை மாதிரி ஒரு பட்டறை, அவன் மனைவியும் சேர்ந்துதான் பலகையில் உதிரிகளைப் பற்றவைக்கிறாள்.

(அப்படியானால் அவனே மறுக்கலாமே என்கிறீர்கள். அவன் கூட்டமைப்பின் மின்னஞ்சல்களைப் பார்ப்பதே இல்லை. “தினம் ஒரு அறிக்கை, தொல்லை தாங்கலக்கா” என்று அவன் புலம்பியபோது, அவை தானாகவே வேறொரு பெட்டிக்குள் போய் விழும்படி செய்து கொடுத்தவள் இவளேதான். தம்பி வீட்டுக்குச் சாப்பிடப் போனவள், சும்மா இருந்திருக்கலாம்.)

4

தம்பியை ரொம்ப அசடாக ஆக்கிவிட்டேனோ என்று சந்தேகம். இல்லை, அவன் கெட்டிக்காரன். அக்காவை நம்புகிறான், அவ்வளவுதான்.

அவள் ஏன் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது? தம்பி உறுப்பினராகச் சேர்ந்த நாளில் நிர்வாகக் குழு முன்னால் தலைவர் கேட்டார். “நாளைக்கு உங்க தம்பிக்காகப் பேச மாட்டீங்களே?”

“இந்த ரூமுக்குள்ள எனக்குத் தம்பி கிடையாது சார்” என்றாள். கைதட்டினார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நாலரை மணிக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது. தலைவர் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“அக்கா, நான்தான். உன் செல்லுக்கு என்ன ஆச்சு?”

“வேலையா இருக்கேன். சொல்லு.”

“பெரிய ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு. புதுசா ரெண்டு பேரை வேலைக்குச் சேர்க்கப்போறேன். உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்.”

“நல்லதுடா” என்றாள். பிறகு, “மெயிலெல்லாம் ஒழுங்கா பாக்குறியா?”

“நீ அங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை? ஏதாவதுன்னா சொல்ல மாட்டியா?”

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் “சரி, வெச்சிடறேன்” என்று வைத்துவிட்டாள்.

“ஒரு மறுப்புகூட வரல பாத்தீங்களா மேடம்?” என்றார் தலைவர். அவர் கெட்டவர் இல்லை, உண்மையாகவே மகிழ்ந்தார். “இதுக்குப் பேர்தான் ஒத்துமை.”

[இந்த இடத்தில் அவளை அழ வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். வேண்டியவர்கள் சேர்த்துக்கொள்ளலாம்.]

5

முடிவு அ: நடைக்கூடத்துக்கு ஓடித் தம்பியை அழைக்கிறாள். மறுப்பு வருகிறது. பட்டறை பிழைக்கிறது. ஆனால் நாலரை மணி அழைப்பைத் தலைவர் கேட்டிருக்கிறார், இரண்டும் இரண்டும் நாலு என்று போட அவருக்குத் தெரியும். வேலை போகும். போனால் போகட்டும், இனி எந்தச் செயலாளரை யார் நம்புவார்கள்?

முடிவு ஆ: உட்கார்ந்தே இருக்கிறாள். ஐந்து அடிக்கிறது. அனுப்பும் பொத்தானை அவள் விரல்தான் அமுக்குகிறது. ‘நாங்கள் அனைவரும்’ என்பதில் தம்பியும் உண்டு. புதிதாகச் சேரவிருந்த இரண்டு பேருக்கு அவன் என்ன சொல்வானோ...

முடிவு இ: காதுக்கருவிக்குச் சில்லுப்பலகை செய்யும் ஒரு பெண் கடைசி நிமிடத்தில் மறுப்பு எழுதி எல்லோரையும் காப்பாற்றுகிறாள். [சீ. எழுதும்போதே கூச்சமாக இருந்தது. வேறு யாராவது எழுதுவார்கள் என்றுதானே சின்னவர்கள் எல்லோருமே சும்மா இருக்கிறார்கள்? கடைசியில் நானுமா?]

6

ஆகவே, நானும் அவர்கள் வழக்கத்தையே பின்பற்றுகிறேன். முடிவு ஆ-தான் என் வரைவு. எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை, ஆனால் யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் நடக்கப்போவது அதுதான். உங்களில் யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் போதும், நிறுத்திவிடுகிறேன். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

ஐந்தாக இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என்ன, யாருமே ஒன்றும் சொல்லவில்லையே?