தோற்றம் 1979, மறைவு 1999

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் செல்வநாயகியிடம் விலை குறைத்துக் கேட்டவன், கூடுதலாக ஒரு பொம்மையையும் வாங்கிக்கொண்டுதான் வெளியே போவான். அப்பேர்ப்பட்டவளுக்கும் அந்த மாசியில் கையில் இருந்தது ஒரே ஆர்டர். இங்கிலாந்துக்காரர் ஒருவருக்கு டீ கப்புகள். அது திரும்பிவிட்டால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

ஆர்டரைப் பிடித்து வந்தவன் புதுச்சேரித் தரகன் வளவன். கப்புக்கு ஒரு மாதிரிப் படமும் கொடுத்திருந்தான். மேலே அரை முழத்துக்கு ஏதோ இங்கிலீஷ் பெயர், நடுவில் நரைத்த மனிதரின் போட்டோ, கீழே 1979 – 1999.

வண்ணம் தீட்டும் கொளஞ்சியம்மாள் உச்சுக் கொட்டினாள். "இருபது வயசு. அதுக்குள்ள தல எப்படி நரைச்சிருக்குது பாருக்கா."

"வெள்ளக்காரன் பொறக்கறதே வெள்ளத் தலையோடதான். வேலையப் பாரு."

போட்டோவும் இரண்டு வருஷமும் இருந்து மாலை இல்லாத கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அவர்கள் எந்தச் சுவரில் கண்டார்கள்? கொளஞ்சியம்மாள் ஒவ்வொரு போட்டோவைச் சுற்றியும் சாமந்தி மாலை வரைந்தாள். செல்வநாயகி பார்த்துத் தலையாட்டினாள். கப்புகள் சூளைக்குப் போய் வெந்து வந்தன.

வெள்ளிக்கிழமை வளவனோடு செத்தவர் காரில் வந்து இறங்கினார்.

கப்பைப் பார்த்ததும் வளவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அக்கா, செத்தது இவரு இல்ல. இவரு தொகுதி."

"தொகுதி எப்பிடி தம்பி சாவும்?"

"ஐரோப்பாவுக்கெல்லாம் சேத்து ஒரு பார்லிமெண்ட் இருக்குது. அதுக்கு இவங்க நாட்டுல தொகுதிக்கு ஒரு மெம்பரு. இவரும் ஒருத்தரு. மேல இருக்கறது இவரு தொகுதிப் பேருதான். தொண்ணூத்தொம்போதுல தொகுதியெல்லாம் கலைச்சிட்டாங்க. அப்புறம் நாலஞ்சு ஜில்லாவ ஒண்ணாக்கி மெம்பருங்கள கூட்டமா அனுப்புனாங்க. பழைய கட்சிக்காரங்களுக்குக் குடுக்கத்தான் இந்தக் கப்பு."

"ஜெயிச்சவங்களுக்குப் போடுற மாலைன்னு சொல்லிடு."

"ரெண்டு வருசமா பாண்டியில இருக்காரு. போட்டோவுக்கு மாலைன்னா என்னான்னு தெரியும்."

பெரியவர் தன் மாலையைத் தானே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வநாயகி ஒரு கப்பை எடுத்து, மேலே இருந்த பெயரில் விரலை வைத்தாள்.

"மாலை எதுலேர்ந்து தொங்குது பாரு. தொகுதிப் பேருலேர்ந்து. மாலை தொகுதிக்குத்தான், இவரு நடுவுல நிக்கறாருன்னு சொல்லு."

வளவன் சொன்னான். பெரியவரும் அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

"தொகுதி போனன்னிக்கு ஒருத்தரும் ஒரு பூ போடலையாம். இருக்கட்டுங்கறாரு. ஆனா மாலைய நான் கேக்கல, வெலையக் கொறைங்கறாரு."

"கேக்காததாலதான் மாலைக்குக் காசு போடலன்னு சொல்லு."

பெரியவர் சிரித்துவிட்டார். கப்புகள் வைக்கோல் சுற்றிப் பெட்டிக்குள் இறங்கின. செல்வநாயகிக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கணக்கும் வந்தது.

"தம்பி, இவரு தொகுதி ஒண்ணுதான் போச்சா?"

"எம்பத்தி நாலும் போச்சாம். ஒரே எலெக்சன்ல."

"மத்த மெம்பருங்கள்லாம் உசுரோட இருக்காங்களா, கேளு." பதிலுக்குக் காத்திராமல் உள்ளே திரும்பினாள். "கொளஞ்சி, மஞ்சப் பிரஷ்ஷக் காய வுடாத."